ஆளில்லாத கடன்கள்

1862 கோடையில் நியூயார்க் நகரத்தில் பணம் உள்ளவர்களும் ஒரு கோப்பை பீர் வாங்கத் திண்டாடினார்கள். பணத்துக்குக் குறைவில்லை. சில்லறைதான் இல்லை. உள்நாட்டுப் போர் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. முந்தைய டிசம்பர் கடைசியிலேயே வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியிருந்தன. பிப்ரவரியில் அரசு சட்டம் போட்டு, பின்பக்கம் பச்சையாக அச்சடித்த காகிதப் பணத்தை இறக்கியது. காகிதத்தின் மதிப்பு இறங்க இறங்க, உலோகம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படாமல் போனது. தங்கம் முதலில் பதுங்கியது. பிறகு வெள்ளி, அதில் பெரும்பகுதி எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய்விட்டது. கடைசியில் சென்ட்டும் மறைந்ததுதான் வேடிக்கை. செம்பு 88 பங்கும் நிக்கல் 12 பங்கும் கலந்த அந்த மங்கிய வெண்காசு போருக்கு முன்பு ஊரெல்லாம் கொட்டிக் கிடந்தது. வியாபாரிகள் அதை வாங்க முகம் சுளித்தார்கள். இப்போது அதே சென்ட்டை வட்டம் கொடுத்து வாங்க வேண்டிய நிலை.

இந்த நெருக்கடிக்கு அரசு கண்ட முதல் மருந்து தபால்தலை. 1862 ஜூலை 17 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் தபால்தலையையே சில்லறையாகப் பயன்படுத்த வழிசெய்தது. பின்புறம் கோந்து தடவிய தாள், நியூயார்க்கின் ஜூலை மாதப் புழுக்கம், வியர்த்த கை. விளைவைச் சொல்லத் தேவையில்லை. ஜான் கால்ட் என்பவர் தபால்தலையைப் பித்தளை வட்டுக்குள் வைத்து, மேலே மைக்கா தகட்டை மூடி, ஆகஸ்ட் 12 அன்று அதற்குக் காப்புரிமை வாங்கினார். தலை தெரிய வேண்டிய பக்கம் தெரியும். முதுகுப் பக்கத்தை விளம்பரத்துக்கு விற்றார். ஏயர் கம்பெனியின் பேதி மாத்திரை விளம்பரத்தோடு ஒரு நாட்டின் நாணயம் கைமாறியது. அந்த வட்டுகள் இன்று என் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத விலை. அதனால் அவற்றைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் ஈடுபாடெல்லாம் அதற்கு அடுத்து வந்தவற்றோடுதான். 1862 இலையுதிர்காலத்தில் சின்சினாட்டியிலும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நியூயார்க்கிலும் வியாபாரிகள் தாங்களே காசு அடித்து வெளியிடத் தொடங்கினார்கள். சென்ட்டின் அதே அளவு, 19 மில்லிமீட்டர். பெரும்பாலும் செம்பு, சில பித்தளை. பொத்தான், பதக்கம், கடைமுத்திரை என்று அச்சு வெட்டிப் பிழைத்த பட்டறைகளுக்கு ஒரே ஆண்டில் வேலை குவிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 2.5 கோடி டோக்கன்கள் அடிக்கப்பட்டன என்று இந்தத் துறையின் அடிப்படைப் பட்டியலைத் தயாரித்த ஜார்ஜ் ஃபுல்டும் அவர் தந்தை மெல்வின் ஃபுல்டும் கணக்கிட்டார்கள்.

சில்லறைத் தட்டுப்பாடு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. டிக்கெட்டின் பின்புறம் கண்டக்டர் பேனாவால் '3' என்று கிறுக்கித் தந்ததை இறங்கும்வரை கையில் இறுக்கிப் பிடித்திருந்தவர்கள்தானே நாம்? அதுவும் ஒரு தனியார் காசுதான். கடன்பட்டவர் யார், தொகை எவ்வளவு, எப்போது தீர வேண்டும் என்ற மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. நம்முடைய நிறுத்தம் வருவதற்குள் கண்டக்டர் கண்ணில் பட்டால் கடன் தீர்ந்தது. படாவிட்டால் அது அவருக்கு. ஆனால் அந்தச் சீட்டை யாரும் டீக்கடையில் நீட்டி வடை வாங்குவதில்லை. அமெரிக்க வியாபாரியின் செம்பு வட்டு அதைச் செய்தது. கடன் கொடுத்தவரின் கையை விட்டு நகர்ந்து, கடன்பட்டவரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஆட்களிடையே சுற்றிவந்தது. கதையின் சுவாரசியமும் கோளாறும் அங்கேதான் தொடங்குகின்றன.

நியூயார்க்கின் பவரி தெருவில் ஓடியன் என்ற பெயரில் மதுக்கடையும் நாடக அரங்கும் நடத்திய ஜெர்மானியர் குஸ்தாவ் லிண்டன்முல்லர். சட்டத்தோடு மோதுவது அவருக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை நாடகம் போட்டதற்காகத் தண்டிக்கப்பட்டு, 1861இல் மேல்முறையீட்டிலும் தோற்றவர். ஓய்வுநாள் சட்டங்கள் செல்லும் என்பதற்குப் பிற்காலத்தில் மேற்கோள் காட்டப்பட்ட தீர்ப்புகளில் அந்த வழக்கும் ஒன்று. இரண்டு ஆண்டு கழித்து அவர் காசு அடித்தார், பத்து லட்சத்துக்கும் மேல். சுதந்திர தேவியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் தாடி வைத்த தம் தலையையே போட்டுக்கொண்டார். நகரம் அதை முகம் கோணாமல் வாங்கிக்கொண்டது. மூன்றாம் அவென்யூ ரயில் கம்பெனியின் குதிரை டிராம்களில் பயணிகள் அதையே கட்டணமாகக் கொடுத்தார்கள். வண்டிக்காரர்களும் வாங்கினார்கள், வேறு சில்லறை எங்கே இருந்தது? கம்பெனியிடம் லிண்டன்முல்லர் தலைகள் குவிந்தன. இவற்றை எடுத்துக்கொண்டு பணம் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடிப்பது?

பத்து லட்சம் சென்ட் என்றால் பத்தாயிரம் டாலர். அப்போது வடக்குப் படையில் ஒரு சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். ஒரு சிப்பாய் அறுபது ஆண்டுக்கு மேல் துப்பாக்கி தூக்கினால்தான் அந்தத் தொகையைப் பார்ப்பான். செம்புக்கும் கூலிக்கும் ஆன செலவைக் கழித்தாலும் லிண்டன்முல்லர் கையில் நின்றது சின்ன லாபமல்ல. டோக்கன் அடிக்க ஆகும் செலவு ஒரு சென்ட்டுக்குக் கீழே. வெளியே போகும் விலை ஒரு சென்ட். திரும்பி வராத ஒவ்வொரு வட்டும் லாபம். குளத்தில் விழுந்தது லாபம், குழந்தை விழுங்கியது லாபம், ஒரு சென்ட்டுக்காக யார் நடப்பது என்று மேசை அறையில் போட்டு மறந்ததும் லாபம்.

சேகரிப்பவனாக இந்த இடத்தில்தான் நான் தயங்கி நிற்கிறேன். யோக்கியமான வியாபாரி வெளியிட்ட டோக்கனை மக்கள் திரும்பக் கொண்டுவருவார்கள். அவர் பணம் கொடுத்து வாங்கி உருக்கப் போடுவார். வாக்கு காப்பாற்றப்பட்டால் பொருள் அழிந்துவிடும். மறுத்தவருடைய டோக்கன் உருகாது. ஏமாந்தவர்களின் பெட்டியடியிலேயே கிடந்து, பேரப்பிள்ளைகள் கைக்கு வந்து, ஏலத்துக்குப் போய், கடல் கடந்து என்னிடம் வந்து சேரும். கிடைப்பருமையை அளக்க எங்கள் பட்டியலில் ஓர் அளவுகோல் உண்டு. ஆர்-1 என்றால் ஐயாயிரத்துக்கு மேல் எஞ்சியிருக்கிறது. ஆர்-10 என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்று. லிண்டன்முல்லர் தலை ஆர்-1. நியூயார்க் டோக்கன் வாங்கத் தொடங்கும் எவரிடமும் முதலில் வந்து சேருகிறவர்களில் அவரும் ஒருவர். கடனைத் திருப்பாதவர்தான் காலத்தை வென்றிருக்கிறார்.

இந்தத் தர்க்கத்தை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. அதிகம் அடித்தது அதிகம் மிஞ்சும் என்ற எளிய காரணமும் உண்டே. டிராய் நகரத்தில் ஆலிவர் பவுட்வெல் என்ற மாவு மில்காரர் இருந்தார். தம் டோக்கனிலேயே, என் அலுவலகத்தில் பணம் கிடைக்கும் என்று பொறித்துவைத்தவர். வாக்கை உலோகத்தில் வெட்டிக் கொடுத்த மனிதர். அவருடைய டோக்கனும் இன்று சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அவர் மறுத்ததாகச் செய்தி இல்லை. ஆட்கள் போகவில்லை, அவ்வளவுதான். ஒரு சென்ட் என்பது கேட்டு வாங்க முடியாத அளவுக்குச் சின்னக் கடன். இப்படிப்பட்ட சின்னக் கடன்களின் கூட்டுத்தொகைதான் வெளியிட்டவரின் ஆதாயம் என்பது அதை வெளியிட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்கும், யோக்கியருக்கும்தான்.

கடைப்பெயர் போட்டவை ஒரு வகை என்றால், பெயரே இல்லாதவை இன்னொரு வகை. சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேசபக்த டோக்கன்கள் என்கிறார்கள். கொடி, பீரங்கி, கேடயம், குதிரைமேல் வாஷிங்டன், ஒன்றியம் நீடூழி வாழ்க என்ற வாசகம். வெளியிட்டவர் யார், எங்கே போய்ப் பணம் கேட்பது என்பது மட்டும் இருக்காது. என்னிடமுள்ள ஒன்று நல்ல பழுப்பு நிறம். உயர்ந்த விளிம்பு மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கிறது. ஒரு பக்கம் கொடியும் 1863 என்ற ஆண்டும், நம் ஒன்றியத்தின் கொடி என்ற எழுத்தும். மறுபக்கம் நடுவில் பெரிதாக டிக்ஸ் என்ற பெயர். சுற்றிலும், யாராவது இதைக் கிழித்து இறக்க முயன்றால் அந்த இடத்திலேயே சுட்டுத் தள்ளு என்ற ஆணை. 1861 ஜனவரியில் கருவூலச் செயலராக இருந்த ஜான் டிக்ஸ் நியூ ஆர்லியன்ஸிலிருந்த தம் அதிகாரிக்கு அனுப்பிய தந்தியின் சாரம் அது. சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. பட்டறைக்காரர் தந்தியின் நகலை வைத்துக்கொண்டா வெட்டினார்? பல அச்சுகளில் ஒன்றில், 'இடம்' என்ற பொருள் தரும் கடைசிச் சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்து 'ஸ்பூட்' ஆகிவிட்டது. அவசரத்தில் வெட்டிய அச்சு. அந்த எழுத்துப்பிழை கொண்டதைத் தேடி வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது பிழையில்லாதது, ஆகவே மலிவானது.

டிக்ஸின் வீரவசனத்தை விரலால் தடவும்போது எனக்கு அவரைவிட, இந்த வட்டை அடித்து விட்ட பெயர் தெரியாத ஆளின் சாமர்த்தியம்தான் மனதில் ஓடும். கொடியைப் போட்டுவிட்டால் முகவரியை எவரும் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. டிராம் வண்டியில் இதை வாங்க மறுப்பவன், ஒரு சென்ட் விஷயத்தில் ஒன்றியத்துக்கே எதிரானவனாகத் தெரிந்துவிடுவான். கடன்பட்டவர் பெயரே இல்லாத கடன் பத்திரம் இரண்டு ஆண்டு லட்சக்கணக்கில் புழங்கியதற்கு உலோகப் பஞ்சம் முக்கியக் காரணம்; ஆனால் கொடிக்கும் அதில் பங்குண்டு. நியூயார்க்கில் 'பை' என்ற பேக்கரிப் பண்டத்தைச் சுட்டு விற்ற புரோவாஸ் குடும்பத்தினர் இந்த இரண்டு வழியையும் சேர்த்துப் பிடித்தார்கள். ஒரு பக்கம் கடைப்பெயர், மறுபக்கம் 'ஒரே நாடு' என்ற முழக்கம். பண்டமும் விற்றது, பற்றும் விற்றது.

சட்டத்தை ஏமாற்றிய வகையும் ஒன்று உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இலைவளையத்துக்குள் 'ஒரு சென்ட்' என்று அரசின் காசைப் போலவே பெரிதாக எழுதியிருக்கும். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அதற்குமேல் எறும்பளவில் 'அல்ல' என்று இருக்கும். கள்ளக்காசு வழக்கு வந்தால், நான் தான் சென்ட் அல்ல என்று எழுதியிருக்கிறேனே என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தந்திரம் 1837 பொருளாதார நெருக்கடியில் புழங்கிய டோக்கன்களிலிருந்து வந்தது. அவற்றில், பாதுகாப்புக்கு லட்சோபலட்சம், கப்பத்துக்கு ஒரு சென்ட் கூட இல்லை என்ற பழைய அரசியல் முழக்கம் ஒரு சாக்காக இருந்தது. போர்க்காலத்தார் முழக்கத்தை உதறிவிட்டு மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கடை டோக்கன்களை மேசையில் பரப்பினால் 1863ஆம் ஆண்டின் கடைவீதி எழுந்து நிற்கிறது. மளிகை, மருந்து, தொப்பி, சுருட்டு, முடிதிருத்தம், பீர், இன்னும் பீர். பிராட்வே தெருவில் யூதர்களுக்கான உணவகம் நடத்திய ஃபெலிக்ஸ் தம் டோக்கனில் ஹீப்ரூ எழுத்துகளைப் பொறித்திருந்தார். ஒஹாயோ மாநிலத்தவைதான் மிக அதிகம், அதிலும் சின்சினாட்டி; ஜான் ஸ்டான்டன், லான்ஃபியர் போன்ற அச்சுவெட்டிகள் அங்கே இருந்ததே காரணம். அச்சு வெட்டுபவர் பக்கத்தில் இருந்தால் சலூன்காரருக்கும் தம் பெயரைக் காசில் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. தெற்கில் இவை மிக அரிது. அங்கே உலோகமே தட்டுப்பாடு. காகிதத்தில்தான் எல்லாம் ஓடியது.

இந்த அச்சுவெட்டிகள் மேல் எனக்கு ஒரு சின்னக் கோபமும் உண்டு. போர் நடக்கும்போதே சேகரிப்பாளர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கென்று ஒருவருடைய முகப்பையும் வேறொருவருடைய முதுகையும் ஒட்டி, சம்பந்தமில்லாத சேர்க்கைகளை அடித்தார்கள். செம்புக்குப் பதில் வெள்ளி, வெள்ளீயம், நிக்கல் கலவை என்று மாற்றி மாற்றி அடித்தார்கள். அரசின் பத்து சென்ட் வெள்ளிக் காசையே எடுத்து அதன் மேல் ஒரு சென்ட் டோக்கனை அடித்ததும் உண்டு. சில்லறை கிடைக்காமல் ஊரே அல்லாடிய காலத்தில் சில்லறைக் காசை அழித்துப் பொழுதுபோக்குப் பொருள் செய்திருக்கிறார்கள். பட்டியலில் ஆர்-9, ஆர்-10 என்று மின்னுகிறவற்றில் கணிசமானவை இவைதான். ஒருநாளும் ஒரு ரொட்டியும் வாங்காத இந்தக் காசுகளை நான் வாங்குவதில்லை. வாங்க வசதியும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டால், கொள்கைக்கு மரியாதை குறைந்துவிடாது என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறானவை படைமுகாம் டோக்கன்கள். படைப்பிரிவுகளோடு கூடவே பயணித்து, புகையிலையும் பிஸ்கட்டும் விற்ற உரிமம் பெற்ற வியாபாரிகள் சிப்பாய்களுக்குச் சம்பளத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்தார்கள். கடனாகக் கொடுத்தது பணமல்ல. படைப்பிரிவின் பெயர் பொறித்த டோக்கன். அதை அந்த ஒரே கூடாரத்தில்தான் மாற்றலாம், அந்தக் கூடாரம் சொல்லும் விலைக்குத்தான் பொருள் கிடைக்கும். நகரத்துக் கடை டோக்கனில் ஏமாற்று இருந்தாலும், கொண்டவன் வேறெங்காவது தள்ளிவிட வழி இருந்தது. இதில் அதுவுமில்லை. நம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரலாறு படித்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் வாசனை தெரியும்.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்த அரசு, தடை போடுவதற்கு முன் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. நாணயச் சாலை இயக்குநர் ஜேம்ஸ் பொலாக் கவனித்தது இது: அரசின் சென்ட் கனமானது, நிக்கல் கலந்தது, அடிப்பதற்குக் கடினமானது, அதை மக்கள் பதுக்குகிறார்கள். வியாபாரியின் டோக்கன் மெல்லியது, உலோக மதிப்பில் ஒன்றுமில்லாதது. அதை மறுபேச்சில்லாமல் வாங்குகிறார்கள். அப்படியானால் நாமும் மெல்லிய வெண்கலத்தில் அடித்தால் என்ன? நிக்கல் சுரங்கம் வைத்திருந்த ஜோசப் வார்ட்டனுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய சுரங்கம் இருந்த பென்சில்வேனியாவின் பிரதிநிதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் சபையில் எதிர்த்தார். ஆனாலும் 1864 ஏப்ரல் 22 சட்டம் நிறைவேறியது. 4.67 கிராம் சென்ட் 3.11 கிராம் ஆயிற்று. தனியார் ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசு அடிப்பதும் அதே சட்டத்தில் குற்றமானது. ஜூன் 8 அன்று வந்த இன்னொரு சட்டம் எல்லாத் தனியார் நாணயத்தையும் மூடியது. பீர்க்கடைக்காரர்கள் கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு பீர்க்கடைக்காரர்களைத் தடை செய்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். லிண்டன்முல்லரின் தன்முகப் பித்தும் அரசுக்குத் தொற்றாமல் இல்லை: சில்லறைக்காக அச்சிட்ட ஐந்து சென்ட் நோட்டில் கருவூல அதிகாரி ஸ்பென்சர் கிளார்க் தம் படத்தையே போட்டுக்கொண்டார். உயிரோடிருப்பவர் உருவத்தைப் பணத்தில் போடக் கூடாது என்று 1866இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

எண்பது ஆண்டு கழித்து, இரண்டாம் உலகப் போரில், நம் ஊரிலும் சில்லறை மறைந்தது. 1940இல் தேவைக்கு மேல் காசு சேர்ப்பதைக் குற்றமாக்கினார்கள். 1943இல் காலணாவின் எடையை 4.86 கிராமிலிருந்து 1.94 கிராமுக்குக் குறைத்து, நடுவில் ஓட்டை போட்டார்கள். ஓட்டைக் காலணாவைப் பார்த்த தலைமுறை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இலங்கையில் 1942இல் ஐந்து சதத் தாளொன்று வந்தது. துளைவரிசையில் கிழித்தால் அது இரண்டு சதமாகவும் மூன்று சதமாகவும் பிரியும். பிகானேர், பூந்தி, நவாநகர் போன்ற சமஸ்தானங்கள் அட்டையில் சின்னஞ்சிறு கூப்பன் அச்சிட்டன. இவற்றையும் தேடிச் சேர்க்கிறேன். ஆனால் இவையெல்லாம் அரசும் அரசர்களும் பட்ட கடன். கேட்டுப் போவதற்கு ஒரு கஜானா வாசலாவது இருந்தது.

ஃபுல்டுகளின் பட்டியல் முறை துல்லியமானது. கடை டோக்கனுக்கு மாநிலம், ஊருக்கு ஓர் எண், கடைக்காரருக்கு ஓர் எழுத்து, அச்சுக்கு ஓர் எண், உலோகத்துக்கு ஒரு சிற்றெழுத்து: ஏ என்றால் செம்பு, பி என்றால் பித்தளை. எஞ்சியிருப்பது எத்தனை என்பதும் உண்டு. அந்தக் கடைக்காரர் காசைத் திரும்ப வாங்கினாரா என்பதற்குத்தான் பத்தி இல்லை. ஆகவே டோக்கன்களைச் செருகிவைக்கும் அட்டைகளின் பின்புறத்தில் அதை நானே எழுதிவைக்கிறேன். லிண்டன்முல்லர்: மறுத்தார். பவுட்வெல்: வாக்களித்தார், ஆள் வரவில்லை. டிக்ஸ் பெயர் கொண்ட அட்டையில், வெளியிட்டவர் என்ற இடத்தில் ஒரு கோடு. திரும்ப வாங்கினாரா என்ற இடத்திலும் ஒரு கோடு.